திமிங்கலம் எப்படி மீன் பிடிக்கும்? கேள்வி பதில்

கேள்வி: அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு விரல் நீள மீனைத் துரத்தியா பிடிக்கும் அண்ணா?

பதில்: துரத்தினால் கட்டுப்படியாகாது தம்பி. ஹம்ப்பேக் என்கிற திமிங்கல வகை வாயைத் திறந்ததும் தண்ணீர் உள்ளே பாய்ந்து வேகம் செத்துவிடும், மறுபடி வேகம் பிடிக்கத் தெம்பு வேண்டும். அதனால் ஒரு வாய்க்குத் தேறும் அளவு மீன் சேர்ந்தால்தான் திறக்கும். மீனோ பயந்தால் ஒன்றோடொன்று நெருங்கிப் பந்தாகிவிடும். ஒவ்வொன்றாகக் கொத்துகிற பறவைக்கு அது குழப்பம், கூட்டத்தோடு அள்ளுகிறவனுக்கு அதுவே கொண்டாட்டம்.

கேள்வி: குமிழி வலை என்கிறார்களே, வெறும் காற்றுதானே, மீன் தாண்டாதா?

பதில்: தாண்டலாம், ஆனால் மிரண்டு ஒதுங்கிவிடும். அலாஸ்காவின் தென்கிழக்குக் கடலில் ஹெர்ரிங் மீனுக்கு ஹம்ப்பேக் இப்படித்தான் வலை விரிக்கிறது. ஒன்று கீழே வட்டமாக நீந்தியபடி மூச்சுத்துளை வழியே காற்றை விட, குமிழிகள் திரைபோல எழும்பும், இன்னொன்று நீளமாகக் கத்தி மீனை மேலே விரட்டும். படகிலிருந்து பார்த்தால் முதலில் நீர்ப்பரப்பில் வெள்ளையாக ஒரு வளையம் மூடும், அதற்குள் மீன் துள்ளும், அப்புறம் நாலைந்து வாய்கள் ஒரேயடியாக மேலே வரும். சில சமயம் மீனுக்கு வந்த பறவையும் உள்ளே மாட்டிக்கொள்ளும், பாவம்.

கேள்வி: குடித்த தண்ணீர் எல்லாம் வயிற்றுக்கா போகிறது?

பதில்: இல்லை. தாடையிலிருந்து தொப்புள் பக்கம் வரை மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, அது பலூன் மாதிரி விரியும். ஃபின் திமிங்கலத்துக்கு ஒரு வாய்க்குச் சுமார் 70 கன மீட்டர், அதாவது 70,000 லிட்டர். பிறகு வாயை மூடி, மேல்தாடையில் தொங்கும் பலீன் தகடுகள் வழியே தண்ணீரை வெளியே தள்ளும். நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான் அந்தத் தகடும், உள்ஓரம் மட்டும் தூரிகை போலப் பிசிறாக இருப்பதால் மீன் நின்றுவிடும்.

கேள்வி: மனிதனை விழுங்குமா?

பதில்: வாய்க்குள் போகலாம், தொண்டையில் இறங்காது. 2021ல் அமெரிக்காவின் கேப் காட் கடற்கரை அருகே லாப்ஸ்டர் பிடிக்க மூழ்கியவர் ஒரு ஹம்ப்பேக் வாயில் சிக்கினார். துப்பிவிட்டது.

கேள்வி: இந்த வித்தையெல்லாம் பிறவியிலேயே வருவதா?

பதில்: எல்லாமே இல்லை, எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் உள்ள மெய்ன் வளைகுடாவில் ஹெர்ரிங் அருகிப்போன சமயம், 1980ல், ஒரே ஒரு ஹம்ப்பேக் குமிழி விடுவதற்கு முன்னால் வாலால் தண்ணீரை அறைந்ததைப் பார்த்தார்கள். கூடத் திரிந்தவை அதைப் பார்த்துப் பழகி, பிறகு நூற்றுக்கணக்கானவை அப்படி வேட்டையாடின. தாய்லாந்து வளைகுடாவின் பிரைட் திமிங்கலம் வேறு ரகம், நீர்மட்டத்தில் வாயைப் பிளந்தபடி சும்மா நிற்கும், நெத்திலி தானாகத் துள்ளி உள்ளே விழும். குட்டியும் பக்கத்திலேயே வாயைத் திறந்து பார்க்கும்.