கால்சியம் தாராளமாகக் கொடுத்தும் முட்டை ஓடு மெல்லியதாகவே வருகிறது. மினரல் மிக்ஸை (தாது உப்புக் கலவை) இரண்டு மடங்காக்கலாமா?

வேண்டாங்க. இப்போது போடுவது முதலில் கோழியின் வயிற்றுக்குள் போகிறதா என்று பாருங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

மோகனூர் பக்கம் எங்களுக்கு ஒரு லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை. சில வருஷம் முன்பு ஒரு பேட்ச் கோழிக்கு 65 வார வயசு தாண்டியதும் உடைசல் கூடிக்கொண்டே போனது. ட்ரேயில் அடுக்கும்போதே கட்டைவிரல் உள்ளே இறங்கும். வயசாக ஆக முட்டை பெரிசாகும், ஓட்டுக்குப் போகும் சுண்ணாம்பு அதே அளவுதான், அதனால் மெலியும் என்பது தெரிந்த கதை. ஆனால் எங்களுக்கு ஒரு நாள் நன்றாக வரும், நாலு நாள் கழித்துப் படுமோசமாக வரும். நானும் உங்களைப் போலத்தான், கிளிஞ்சலை அள்ளிப் போட்டேன். கொஞ்சமும் அடங்கவில்லை.

ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட்தான். ஆனால் செங்கல் மட்டும் இருந்தால் சுவர் எழும்பாதே. கார்பனேட் கிடைக்க கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி வேலை செய்யவேண்டும், அதற்கு ஜிங்க் தேவை. சுண்ணாம்பு படிவதற்கு அடியில் ஒரு வலை மாதிரி இருக்கும், அதைப் பின்ன மாங்கனீஸ். ஓட்டுக்கு உள்பக்கச் சவ்வு உறுதியாக இருக்கத் தாமிரம். அது குறைந்தால் முட்டை சுருக்கம் விழுந்து கோணலாக வரும். இதில் கால்சியத்தை வரம்பு மீறிக் கொட்டினால், மக்காச்சோளத்திலும் சோயாவிலும் உள்ள பைட்டேட் என்ற பொருளோடு சேர்ந்து அது ஜிங்க்கைக் கட்டிப்போட்டுவிடும். நான் செய்த காரியம் அதுதான்.

சரி, இதெல்லாம் உள்ள மினரல் மிக்ஸ்தான் போடுகிறோமே என்று ஒரு நாள் காலையில் தீவனம் அரைக்கிற இடத்தில் போய் நின்றேன். பாக்கெட்டை வெட்டி நேராக மிக்சருக்குள் உதறினார் அங்கே இருந்தவர். கேட்டதற்கு, “ஏனுங்க, ஒரு கிலோதானுங்களே, அதுவே கலந்துக்குமுங்க” என்றார். மிக்சரின் மூலையைச் சுரண்டினால் நீலமும் பச்சையுமாகச் சின்னச் சின்னக் கட்டிகள். அவரைக் குறை சொல்லி என்ன, அத்தனை நாளும் நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

1 டன் தீவனத்தில் 1 கிராம் என்பதுதான் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஜிங்க்கும் மாங்கனீஸும் டன்னுக்கு 80, 100 கிராம் அளவில் போகும். தாமிரம் 10 கிராம் பக்கம். செலினியம் வெறும் 0.3 கிராம்! இதை நேராகக் கொட்டினால் ஒரு மூட்டையில் மொத்தமும் போய்விடும், அடுத்த மூட்டையில் ஒன்றும் இருக்காது. இப்போது முதலில் 10 கிலோ தவிட்டில் கையால் கலந்து, அதை 50 கிலோவாக்கி, அப்புறம்தான் மிக்சருக்குள் விடுகிறோம். வைட்டமினை இதோடு சேர்ப்பதில்லை, மினரல் மிக்ஸில் உள்ள சல்பேட் உப்புகள் அதைக் கெடுத்துவிடும். மூன்று வாரத்தில் உடைசல் அடங்கியது. அடியோடு நிற்கவில்லை, கிழட்டுக் கோழியிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

இரண்டு மடங்கு வேண்டாம் என்றதற்கு முக்கியக் காரணம் செலினியம். தேவைக்கும் விஷத்துக்கும் நடுவே அதற்கு இடைவெளி ரொம்பக் குறைவு. சீலேட்டட் மினரல் (அமினோ அமிலம் போன்றவற்றோடு பிணைத்த தாது) பற்றியும் கேட்பீர்கள். உடம்பில் நன்றாக ஏறும், விலையும் ஏறும். 60 வாரத்துக்கு மேல் நான் வாங்குகிறேன், இளசுக்கு சல்பேட்டே போதும் என்பது என் கணக்கு.

வெயில் காலம் என்றால் இன்னொன்று. நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்கிற கோழி 95 கிராமோடு நிறுத்திக்கொள்ளும், மினரலும் அந்த அளவுக்குக் குறையும். மூச்சிரைக்க இரைக்க ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டும் குறையும். அந்த மாதங்களில் மட்டும் தீவனத்தில் சற்றே கூட்டிக்கொள்வது நியாயம்.

அப்புறம், தீவனத் தொட்டியின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். கோழி குருணையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தூளை விட்டுவிடும், மினரல் பெரும்பாலும் அந்தத் தூளில்தான் கிடக்கும். மத்தியானம் தொட்டி காலியாகும்வரை அடுத்த தீவனம் போடாதீர்கள்.