அறிவியல் பாடத்திட்டத்துக்கு நிதி கிடைத்தால் எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை நான்கு உதவிபெறும் நடுநிலைப் பள்ளிகளை நடத்துகிறது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை செய்முறையை அடிப்படையாகக் கொண்ட புதிய அறிவியல் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறோம். ஒரு நிறுவனம் சிஎஸ்ஆர் நிதி (நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் பணம்) தர முன்வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, பணத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்:

பல ஆண்டுகளாக நடுநிலை வகுப்பு அறிவியல் ஆசிரியர்களோடு வேலை செய்துவருகிறேன். நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். இந்த வேலையில் புத்தகம்தான் மிகக் குறைந்த செலவு. ஆசிரியரின் நேரம், ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் பொருள்கள், பள்ளிக்குப் போய்ப் பார்க்கும் ஆள், இந்த மூன்றுக்கும்தான் பெரும் பணம் வேண்டும். நிதி தருபவர்களுக்கோ புத்தகமும் திறப்பு விழாவும்தான் கண்ணில் படும். இந்த இடைவெளியைச் சரிசெய்வதுதான் உங்கள் முதல் வேலை.

அதற்கு முன் சட்டப் பக்கத்தைப் பார்த்துவிடலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு வரைக்கும் கலைத்திட்டத்தை வகுப்பது அரசு நியமிக்கும் கல்வி அமைப்பின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டமும் வந்துவிட்டது. அதனால் மாநிலப் பாடநூலை ஒதுக்கிவைத்துவிட்டு உங்கள் சொந்தப் பாடத்திட்டத்தை நடத்த முடியாது. ஆனால் அதே பாடங்களை எப்படி நடத்துவது, எந்தச் சோதனைகளைச் செய்வது, என்ன பயிற்சி ஏடு கொடுப்பது என்பதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவத் தேர்வு போக வகுப்பிலேயே போடும் மதிப்பீட்டுக்கு, 40 மதிப்பெண் இருக்கிறதே, அது பெரிய இடம். இப்போது பல பள்ளிகளில் அதில் செயல்பாடுகளுக்கான பங்கு சார்ட் ஒட்டுவதிலும் ஆல்பம் தயாரிப்பதிலும் போய்விடுகிறது. அதை அப்படியே சோதனைகளுக்குத் திருப்பிவிடலாம், யாரிடமும் தனி அனுமதி வேண்டியதில்லை. வட்டாரக் கல்வி அலுவலரிடம் மட்டும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

சரி, இப்போது முன்னுதாரணம். இந்தியாவில் நடுநிலை அறிவியலைப் புதிதாக எழுதிப் பார்த்த முயற்சிகளில் நான் மிகவும் மதிப்பது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். அனில் சத்கோபால் தொடங்கிய கிஷோர் பாரதி என்ற தன்னார்வ அமைப்பும், ரசூலியாவில் இருந்த ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் சேர்ந்து 1972இல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அதை ஆரம்பித்தார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும், பிறகு டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் கிராமத்துக்கே வந்து உதவினார்கள். 1978இல்தான் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. 1982இல் இதை எடுத்து நடத்துவதற்காகவே ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது. கடைசிக் காலத்தில் 15 மாவட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள் அதில் இருந்தன.

16 பள்ளியிலிருந்து ஒரு மாவட்டத்துக்குப் போக ஆறு ஆண்டு எடுத்துக்கொண்டார்கள் என்பதை நன்கொடையாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஆறு ஆண்டும் பாடங்களை வகுப்பில் நடத்திப் பார்த்து, கிழித்துப்போட்டு, திரும்ப எழுதிய காலம். ஆறாம் வகுப்புப் பிள்ளையால் செய்ய முடியாத சோதனை எதுவும் புத்தகத்தில் தங்கவில்லை. பூவைப் பிரித்துப் பார்க்க ஆய்வக ஊசி தேவைப்பட்டபோது கருவேல முள்ளே போதும் என்றானது அந்த வகுப்புகளில்தான். முள்ளுக்கு விலையில்லை, தொலைந்தால் வேலியில் இன்னொன்று இருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து பொருள் பட்டியல் தயாரிப்பவருக்கு இது தோன்றவே தோன்றாது.

பிள்ளைகள் நால்வர் நால்வராக உட்கார்ந்து சோதனை செய்வார்கள். புத்தகத்தில் கேள்விதான் இருக்கும், விடை இருக்காது. எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்விலேயே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத அரசு அனுமதித்தது. செய்முறைத் தேர்வும் இருந்தது. எனக்கு இந்தத் தேர்வு மாற்றம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. வகுப்பில் என்னதான் சோதனை செய்தாலும், பருவ முடிவில் 'வரையறு', 'கோடிட்ட இடத்தை நிரப்பு' என்று கேட்டால் அடுத்த பருவத்தில் ஆசிரியர் நோட்ஸ் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வகுப்பும் போகும். ஆகவே வினாத்தாள் தயாரிக்கும் வேலைக்கும் தனியாக ஆளும் பணமும் ஒதுக்குங்கள்.

இன்னொன்று, சவாலிராம். பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைக் கேட்டுக் கடிதம் எழுதுவதற்காகவே அங்கே உருவாக்கிய கற்பனை மனிதர் இவர். அவர் பெயரில் பதில் கடிதம் போகும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பதில் எழுத விஷயம் தெரிந்த ஒருவர் நேரம் ஒதுக்கி உட்கார வேண்டும். உங்கள் திட்டத்தில் இதை வாட்ஸ்ஆப்பிலேயே செய்யலாம். செய்பவருக்குச் சம்பளம் மட்டும் மறக்காதீர்கள்.

இப்போது ஆசிரியரின் நேரத்துக்கு வருகிறேன். ஹோஷங்காபாத்தில் விடுமுறைப் பயிற்சி முகாம் முடிந்ததும் ஆசிரியர்களை விட்டுவிடவில்லை. மாதந்தோறும் ஒரு மையத்தில் கூடி, எந்தச் சோதனை வரவில்லை, ஏன் வரவில்லை என்று பேசினார்கள். இடையில் ஒருவர் பள்ளிக்கே போய் வகுப்பைப் பார்த்து வந்தார். ஏன் இவ்வளவு தேவை என்பதற்கு நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு, அளவீடுகள் பாடம். பெஞ்சின் நீளத்தை அளக்கச் சொன்னார் ஆசிரியை. ஒரு குழு 122 சென்டிமீட்டர் என்றது, அடுத்தது 121.5, மூன்றாவது 125. இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். 'சரியான விடை 122' என்று சொல்லிவிட்டால் பத்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். சொல்லவில்லை. ஸ்கேல்களை மாற்றிக்கொண்டு மறுபடி அளக்கச் சொன்னார். 125 சொன்ன குழுவிலேயே ஒரு பெண் எழுந்து, "மிஸ், எங்க ஸ்கேல்ல முனை தேஞ்சிருக்கு, மூணுலேருந்துதான் கோடு தெரியுது, நாங்க அதையே பூஜ்யம்னு வெச்சுட்டோம்" என்றாள். பூஜ்யப் பிழை என்ன என்று அந்த வகுப்புக்கு இனி யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆசிரியை பேசாமல் நின்றாரே, அது பயிற்சிக் கையேட்டைப் படித்து வருவதில்லை. சக ஆசிரியர்களோடு பலமுறை உட்கார்ந்து பேசித்தான் வருகிறது. அதற்குப் பயணப்படி வேண்டும், சாப்பாடு வேண்டும், விடுமுறை நாளில் வந்தால் மதிப்பூதியம் வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வட்டாரவாரியாகக் கூடும் குறுவள மையக் கூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி உங்கள் நான்கு பள்ளிக்கும் சேர்த்து மாதம் ஒரு சனிக்கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து பொருள்கள். 40 பேர் வகுப்புக்குப் பத்துக் குழு, பத்து செட். தெர்மாமீட்டரும் சோதனைக்குழாயும் முதல் பருவத்திலேயே உடையும், லிட்மஸ் தாளும் ஸ்பிரிட்டும் தீரும். உடையாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும், பெட்டியையே திறக்கவில்லை என்று அர்த்தம். நான் போன பள்ளிகளில் அறிவியல் பொருள்கள் பெரும்பாலும் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன. சாவி தலைமையாசிரியரிடம், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஆசிரியரின் கையெழுத்து. உடைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம். இதற்குத் தீர்வு எளிது. ஆண்டுக்கு இவ்வளவு பொருள் உடையலாம், யாரும் ஈடுகட்ட வேண்டியதில்லை என்று அறக்கட்டளைத் தீர்மானமாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பள்ளிக்குக் கொடுங்கள். லிட்மஸுக்குப் பதிலாக மஞ்சள் தடவிய தாளும் செம்பருத்திச் சாறும் இருக்கின்றன. ஆனால் தெர்மாமீட்டருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் மாற்று தேடாதீர்கள், அங்கே நல்ல தரமாகவே வாங்குங்கள்.

எல்லாவற்றையும் புதிதாக எழுதவும் வேண்டாம். அமெரிக்காவில் ஓபன்சைஎட் என்ற அமைப்பு, கார்னகி போன்ற அறக்கட்டளைகளின் நிதியில், 6 முதல் 8 வரையான அறிவியல் பாடங்களைப் பத்து மாநிலங்களின் வகுப்புகளில் நடத்திப் பார்த்துத் திருத்தி இலவசமாக வெளியிட்டிருக்கிறது. நடுநிலை வகுப்புகளுக்கான முழுத் தொகுப்பு 2022இல் முடிந்தது. திறந்த உரிமம் என்பதால் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். ஆறாம் வகுப்பு வெப்பப் பாடம் அங்கே ஒரு குளிர்பானக் கோப்பையில் தொடங்குகிறது. சாதாரண பிளாஸ்டிக் கோப்பையில் சீக்கிரம் சூடேறுகிறது, விலை உயர்ந்த கோப்பையில் ஏறவில்லை, ஏன்? பிள்ளைகளே அளந்து, மூடி போட்டுப் பார்த்து, கடைசியில் தாங்களே ஒரு கோப்பையை வடிவமைக்கிறார்கள். நம் ஊரில் இதையே மண்பானை, எவர்சில்வர் சொம்பு, பிளாஸ்டிக் குடம் என்று வைத்து நடத்தலாம். ஆனால் மண்பானையில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் குளிர்ச்சி வருகிறது, அதனால் பாடம் வேறு பக்கம் திரும்பும். ஆசிரியர்கள் முன்பே செய்து பார்த்திருந்தால் அந்தத் திருப்பமே நல்ல வகுப்பாகிவிடும். உள்ளூரில் தமிழக அரசின் வானவில் மன்றம் திட்டம் இருக்கிறது. 2022இலிருந்து அரசு நடுநிலை வகுப்புகளுக்குக் கருத்தாளர்கள் போய்ச் சோதனைகள் செய்துகாட்டுகிறார்கள். உங்கள் பகுதியில் வருபவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள், எந்தச் சோதனை நம் பிள்ளைகளிடம் எடுபடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நிதி விஷயம். கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவில் வரும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். அதனால் மார்ச் நெருங்கும்போது 'உடனே செலவு செய்துவிடுங்கள்' என்பார்கள். அந்த அவசரத்தில்தான் ஸ்மார்ட் போர்டு வாங்கப்படுகிறது. விதிகளில் 'தொடர் திட்டம்' என்று ஒரு வகை இருக்கிறது. தொடங்கும் நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டு வரை நீட்டிக்கலாம், செலவாகாத தொகையை நிறுவனம் தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அந்த வகையிலேயே கேளுங்கள். உங்கள் பக்கம் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், சிஎஸ்ஆர் நிதி பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் சரியாக இருக்க வேண்டும், மூன்றாண்டு அனுபவத்துக்கான சான்றும் வேண்டும். நடத்தும் செலவுக்குத் தர மாட்டோம் என்று தயங்கினால், பள்ளிகளில் ஆய்வகம் அமைக்க மத்திய அரசு நிதி தரும் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தைக் காட்டுங்கள். அதில் பள்ளிக்கு 20 லட்சம், அமைப்பதற்குப் பாதி, ஐந்தாண்டு நடத்துவதற்குப் பாதி.

என் கணக்குப்படி நூறு ரூபாயில் எழுத்துக்கும் அச்சுக்கும் 15 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பயிற்சிக்கும் மாதக் கூட்டத்துக்கும் 35, பள்ளிக்குப் போய்வரும் இருவரின் சம்பளத்துக்கும் பயணத்துக்கும் 25. பொருள்களுக்கு 20, அதில் பாதியை முதல் ஆண்டில் தொடாமல் பின்னால் வரும் செலவுக்கு வைத்துவிடுங்கள். மீதி 5 எதிர்பாராததற்கு. முதல் ஆண்டில் ஆறாம் வகுப்புக்கு மட்டும் பருவத்துக்கு இரண்டு பாடம் எழுதி, ஜெராக்ஸ் பிரதியிலேயே நடத்திப் பாருங்கள். அடுத்த ஆண்டு திருத்திய ஆறாம் வகுப்பும் புதிய ஏழாம் வகுப்பும், அதற்கடுத்து எட்டு. வண்ண அச்சு மூன்றாம் ஆண்டில்தான்.

ஹோஷங்காபாத் திட்டம் முப்பது ஆண்டு ஓடி, 2002இல் மாநில அரசின் உத்தரவால் நின்றுபோனது. உள்ளூர் மக்கள் பிரதிநிதிகளிடமிருந்து எதிர்ப்பு வந்தது. மற்ற பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தை எங்கள் பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை, மேல் வகுப்பில் பின்தங்கிவிடுவார்களே என்ற கேள்வி எழுந்தது. நாடு முழுவதும் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எதிர்த்து எழுதியும் நடக்கவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம்தான். உங்கள் பெற்றோரும் இதையேதான் கேட்பார்கள், கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முதல் மாதமே மாநிலப் பாடநூலையும் உங்கள் பயிற்சி ஏட்டையும் பக்கத்தில் வைத்து, எந்தச் சோதனை எந்தப் பாடத்துக்கு என்று காட்டுங்கள். பருவத்துக்கு ஒருமுறை பெற்றோரை வகுப்புக்கே வரச்சொல்லி, பிள்ளைகளோடு சேர்ந்து அளக்கவும் சூடாக்கவும் விடுங்கள்.

அப்புறம் நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கை. எத்தனை பெட்டி கொடுத்தோம், எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு வகுப்பிலும் சில பிள்ளைகளுக்கு அவர்கள் பார்த்திராத ஒரு சோதனையைக் கொடுத்து, எப்படிச் செய்கிறார்கள், காரணம் என்ன சொல்கிறார்கள் என்று பதிவு செய்யுங்கள். இந்த அறிக்கையைத்தான் தருவோம் என்பதையும், உடைந்த பொருளுக்கு மறுபடி வாங்கும் தொகையையும் ஒப்பந்தத்தில் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். நிதி தரும் அதிகாரி நடுவில் மாறினால் புதிதாக வருபவர் அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பார்.