முதல் கேமராவுக்கு மெகாபிக்சல் பார்த்தால் போதுமா?

விலை குறைந்த கேமராவாக இருக்க வேண்டும், 18 மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் என்றால் படத்தில் பத்து லட்சம் புள்ளி) போதுமா, 24 வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதுதான் தொடங்குகிறீர்கள், பணத்தை எண்ணித்தான் செலவு செய்ய முடியும், வாங்கினால் நாலைந்து வருடம் அதையே வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். என் நிலைமையும் அதுவாகத்தான் இருந்தது. நானும் மெகாபிக்சலைப் பார்த்துத்தான் வாங்கினேன், அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

அது ஒரு டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். கூட வந்தது வழக்கமான 18-55 கிட் லென்ஸ், கேமராவோடு சேர்த்தே தரும் 18 முதல் 55 மி.மீ. வரையிலான ஜூம். பகல் வெளிச்சத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாங்கி ஆறு மாதத்தில் அண்ணன் மகள் பள்ளி நாடகத்தில் நடித்தாள். "அத்தை, நீங்கதான் என்னைப் படம் எடுக்கணும்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடை வெளிச்சம் மங்கலாக இருக்கும், கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை, எண் சின்னதானால் துளை பெரிது) 5.6-க்கு மேல் திறக்காது என்பது தெரியும் என்பதால் அபர்ச்சர் 1.8 வரை திறக்கும் பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கணக்கு சரியான கணக்குதான். 5.6-ஐ விட 1.8-ல் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், 1/20 நொடியில் எடுக்க வேண்டியதை 1/200 நொடியில் எடுத்துவிடலாம், ஓடியாடும் பிள்ளையும் தெளிவாக விழும்.

ஆனால் அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமரா பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். என் பாடியிலோ விலையைக் குறைப்பதற்காக அந்த மோட்டாரையே வைக்கவில்லை. நாடகத்துக்கு முந்தின நாள் இரவு மாட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது.

சரி, கையால் ஃபோகஸ் செய்யலாம் என்று போனேன். அங்கேதான் இரண்டாவது அடி. மலிவு டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலும் வியூஃபைண்டருக்குள் (கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்துக்குள்) கண்ணாடிப் பிரிசம் வைக்காமல், முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து அமைத்திருப்பார்கள். எடை குறையும், செலவும் குறையும், ஆனால் உள்ளே தெரிவது சின்னதாகவும் இருட்டாகவும் இருக்கும். அதில் பார்த்து முகம் ஃபோகஸில் இருக்கிறதா பின்னால் தொங்கும் திரை ஃபோகஸில் இருக்கிறதா என்று என்னால் சொல்லவே முடியவில்லை. நூற்று நாற்பது படம் எடுத்தேன். திரையின் மடிப்பு ஒவ்வொன்றும் தெளிவு. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவள், "எல்லாத்துலயும் நான் புகை மாதிரி இருக்கேன் அத்தை" என்றாள். நாலு படம் தேறியது.

லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்பக்கத் திரையில், பெரிதாக்கிப் பார்த்திருக்கலாமே என்று யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கையில் பிடித்த கேமராவில் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்து பாருங்கள், அப்புறம் பேசுவோம். பின் வரிசையில் இருப்பவர்கள் முகத்தில் கேமராத் திரையின் வெளிச்சம் அடிப்பது வேறு.

அந்த நாலில் ஒன்றைப் பள்ளி ஆண்டு மலரின் அட்டையில் போட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை, என் பெயரும் இல்லை. கேட்டால், "படத்தை நீங்கதானே அனுப்பினீங்க" என்றார்கள். ஒரு பாட்டை யார் பாடியது என்று சொல்ல மறக்காதவர்கள், ஒரு படத்தை யார் எடுத்தது என்று மட்டும் ஏன் கேட்பதே இல்லை? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் இன்னும் ஆறவில்லை.

மெகாபிக்சலுக்கு வருகிறேன். 2006-ல் வந்த நிக்கான் டி40 வெறும் 6.1 மெகாபிக்சல். அதில் ஒரு படம் 3008 x 2000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தாலே பத்து அங்குல அகலம் வரும். தோழி ஒருத்தி அந்தக் கேமராவில் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிய படம் அதைவிடப் பெரியது, பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் உறுத்தவில்லை. 18-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் சுவர் கண்டுபிடிக்காது. பறவைப் படம் எடுத்துப் பாதியாக வெட்டுபவர்களுக்கு அது முக்கியம்தான், அதை மறுக்கவில்லை.

இப்போது உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் காலம், மோட்டார் பேச்செல்லாம் பழங்கதை என்பார்கள். பாதி உண்மை. மிரர்லெஸ்ஸுக்கென்றே வரும் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் மலிவு மாடல்களிலேயே வந்துவிட்டது. எனக்கு அன்று அது கிடைத்திருந்தால் நூறு படமாவது தேறியிருக்கும். ஆனால் குறைந்த விலையில் எதையாவது எடுத்துவிடும் பழக்கம் மாறவில்லை. சில மலிவு மிரர்லெஸ்ஸில் வியூஃபைண்டரே கிடையாது, உச்சி வெயிலில் திரையில் என்ன தெரிகிறது என்று கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும். பேட்டரியும் டிஎஸ்எல்ஆர் அளவுக்கு நிற்காது, இன்னொன்றின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ரா ஃபைல் (கேமரா பதிந்ததை அப்படியே, பிறகு திருத்த வசதியாகச் சேமிப்பது) எடுக்க முடியாததை வாங்கவே வேண்டாம்.

விரலால் சுழற்றி அளவை மாற்றும் டயல் எத்தனை என்றும் பாருங்கள். ஒன்றுதான் என்றால் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவலில் ஷட்டர் வேகத்தை அதால் மாற்றிவிட்டு, அபர்ச்சருக்கு ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டியிருக்கும். கடையில் இது ஒன்றுமில்லாதது போலத் தெரியும். கண்ணை எடுக்காமல் மாற்ற வேண்டிய நேரத்தில்தான் கை தடுமாறும்.

ஆகவே பாடியில் கொஞ்சம் குறைத்து, மிச்சத்தில் ஒரு 1.8 லென்ஸ் வாங்குங்கள். இரண்டையும் மாட்டி, இருட்டான மூலையில் யாரையாவது நடக்கச் சொல்லி ஃபோகஸ் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீட்டில் பழைய லென்ஸ் ஏதாவது இருந்தால் அதன் மேல் எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள், எந்த பாடியில் ஆட்டோஃபோகஸ் ஆகும் என்று பார்த்துச் சொல்கிறேன்.