சர்ச்சைக்குரிய விக்கிப்பீடியா கட்டுரைகளில் புதிய மாணவர்களை எப்படி இறக்குவது?

ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துக்கொண்டே இருக்கிற, சண்டை ஓயாத கட்டுரையைத்தான் சர்ச்சைக்குரிய கட்டுரை என்கிறோம். ஆங்கில விக்கிப்பீடியாவில் இஸ்ரேல்–பாலஸ்தீனப் பிரச்சினை நல்ல உதாரணம். கணக்குத் தொடங்கி 30 நாளும், 500 திருத்தமும் ஆகாதவர் அந்தக் கட்டுரைகளில் கைவைக்க முடியாது. விக்கிப்பீடியாவில் எழுதுவதைப் பாடவேலையாக ஒரே பருவத்துக்குள் முடிக்க வேண்டிய மாணவருக்கு இது நடக்கிற காரியமா? மதிப்பெண்ணுக்காக இப்படிப்பட்ட தலைப்பைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்பேன்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அங்கே முன்னுரையின் ஒரு வரிக்கே பக்கம் பக்கமாக வாதாடி உடன்பாட்டுக்கு வந்திருப்பார்கள். கல்யாணச் சமையலில் மாஸ்டரைக் கேட்காமல் அண்டாவில் உப்பு அள்ளிப் போடுகிற பையன் மாதிரிதான், அதைப் படிக்காமல் திருத்துகிறவர். நல்லெண்ணம்தான், ஆனால் குழம்பு போச்சு.

சரி, மாணவருக்கு ஆர்வம் அடங்கவில்லையா? முதலில் கட்டுரையைப் பற்றி எழுதுபவர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தையும், யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் திருத்த வரலாற்றையும் படிக்கட்டும். அப்புறம் “மூன்றாம் பத்தியில் உள்ள எண்ணிக்கை பழையது, புதிய அறிக்கையின் இந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது, மாற்றலாமா?” என்று உரையாடல் பக்கத்திலேயே கேட்கட்டும். பூட்டிய கட்டுரைக்கும் இப்படித் திருத்தக் கோரிக்கை வைக்கலாம். எழுதியதை யாராவது நீக்கினால் திரும்பச் சேர்க்காமல் பேசட்டும். 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மற்றவர் செய்த மாற்றத்தை மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், அதாவது பழையபடி ஆக்கினால், தடை விழலாம்.

நடுநிலை என்றால் இரு தரப்புக்கும் பாதிப் பாதி இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நம்பகமான நூல்களும் இதழ்களும் எந்தக் கருத்துக்கு எவ்வளவு இடம் தருகின்றனவோ அந்த அளவுக்குத்தான் கட்டுரையிலும்.