பிளாக்டு அக்கவுண்ட் இருக்கும்போது இன்னொரு கணக்கு எதற்கு?

கேள்வி: பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கிறேன். என் மகன் ஜவுளிப் பொறியியல் முதுகலை படிக்க ஜெர்மனியின் ஆகன் நகருக்குப் போகிறான். விசாவுக்காக, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்டிவிட்டோம். அங்கே போய் இன்னொரு வங்கிக் கணக்கும் தொடங்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் தொடங்க வேண்டும். நீங்கள் கட்டிய தொகை மாதம் 992 யூரோ வீதம் விடுவிக்கப்பட்டு, உங்கள் மகன் பெயரிலுள்ள சாதாரண வரவு செலவுக் கணக்குக்குத்தான் அனுப்பப்படும். அந்தக் கணக்கை அங்கே ஷீரோகோன்டோ என்பார்கள். அது தொடங்கும்வரை கட்டிய பணத்தைத் தொட முடியாது என்பதால், முதல் மாதச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் அட்டை) தனியாகப் பணம் போட்டு அனுப்புங்கள்.

வங்கிகள் பெரும்பாலும் முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்கும். வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, அவர் அங்கே குடியேறியதை உறுதிசெய்து வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட படிவமும் வேண்டும். ஆகவே, வீடு பேசி முடிக்கும்போதே அந்தப் படிவம் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இணையவழி வங்கிகளில் சில, இந்தியப் பாஸ்போர்ட்டை வீடியோ அழைப்பில் சரிபார்க்க மறுக்கும்; அப்போது அஞ்சலகத்துக்கு நேரில் சென்று சரிபார்க்கும் போஸ்ட்ஐடென்ட் முறை உண்டா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

கார்டும் ரகசிய எண்ணும் தனித்தனி உறைகளில் தபாலில் வரும். கதவிலக்கம் சரியாக இருந்தாலும் தபால் பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். நம் பிள்ளைகளுக்கு இன்ஷியலால் வரும் குழப்பம் வேறு. பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியுள்ள பெயரையே வங்கியிலும் கொடுத்து, அதையே பெட்டியிலும் ஒட்டுவது பாதுகாப்பு.

பல்லடத்தில் மேலாளருக்குத் தெரிந்தவர் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் நடக்கக்கூடும். அங்கே அது செல்லாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை உண்டு. ஜெர்மனியில் 2016 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஒரு வங்கி மறுத்தால் ‘பாசிஸ்கோன்டோ’ (அடிப்படைக் கணக்கு) என்று குறிப்பிட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். பத்து வேலை நாட்களுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும்.

ஊரிலும் ஒரு வேலை இருக்கிறது. வெளிநாட்டில் படிப்பவரையும் அந்நியச் செலாவணி விதிகள் வெளிநாடுவாழ் இந்தியராகவே கருதுவதால், இங்குள்ள அவருடைய சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே ரூபாயில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்றித் தரும்படி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓடிபி அந்தக் கணக்கில் பதிந்த எண்ணுக்கே வரும் என்பதால், இந்திய சிம்மை ரோமிங் வசதியுடன் உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.