காலி என்று சொல்லாதீர்கள்

கேள்வி: எங்கள் தெருவில் 15 ஆண்டுகளாகக் காலியாகக் கிடக்கும் மனையில் குப்பை கொட்டுகிறார்கள். தெருக்காரர்கள் சேர்ந்து அதைப் பூங்காவாக்க முடியுமா? யாரிடம் மனுக் கொடுப்பது?
– ஒரு வாசகி, சேலையூர்

பதில்: மனு இருக்கட்டும். ‘காலி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. ஐப்பசி மழை விட்டதும் ஒருநாள் அந்த மனைக்குள் இறங்கிப் பாருங்கள். தும்பை இருக்கும், கீழாநெல்லி இருக்கும், குப்பைமேனியும் நாயுருவியும் இருக்கும், சுவரோரம் எருக்கு நிற்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை வாங்குகிறோமே, அந்தப் பூ இப்படிப்பட்ட இடங்களில்தான் பூக்கிறது. உங்கள் தெருவில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்க மிஞ்சியிருக்கும் இடமும் அநேகமாக அது ஒன்றுதான். வீடு ஏறாத நிலமெல்லாம் காலி என்பது மனை விற்பவர்களின் கணக்கு. நமக்கு எதற்கு அந்தச் சொல்?

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். காலி என்று நினைப்பதால்தான் பூங்கா வேலை பொக்லைனில் தொடங்குகிறது. இருந்ததையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, கொரியன் புல் பதித்து, சுற்றிலும் சிமென்ட் கல் பாவி, வாசலில் பூட்டுப் போடுகிறார்கள். புல்தரையைப் பற்றி முன்பு இதே பக்கத்தில் எழுதியபோது பலர் கோபித்துக்கொண்டார்கள். என் கருத்து மாறவில்லை. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில், புல்லுக்கு அன்றாடம் தண்ணீர் விடுவது அநியாயம். புங்கன், பூவரசு, வேம்பு வையுங்கள். முதல் இரண்டு மூன்று கோடை தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிவிட்டால் பிறகு அவை தம்மைப் பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இப்படிப்பட்ட குப்பை மனைகளைச் சீர்செய்தபோது புல்தான் போட்டார்கள், மறுக்கவில்லை. அது ஆண்டு முழுதும் மழை பெய்யும் ஊர். அங்கே கைவிடப்பட்ட 541 மனைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளிப் புல்லும் சில மரங்களும் வைத்தார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2018இல் முடிவு வந்தது: ஏழைகள் வாழும் பகுதிகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்திருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது அவர்கள் போட்ட வேலி. இடுப்பளவு மரவேலி, நடுவில் திறப்பு, யாரும் உள்ளே போகலாம். நம் பூங்காக்களில் பலவோ உச்சிவெயிலில், நிழல் தேவைப்படுகிற அந்த நேரம் பார்த்து, பூட்டிக் கிடக்கின்றன. கொரியர் பையனும் கீரைக்கார அம்மாவும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எனக்கு ஆறவில்லை.

ஆனால் ஆர்வம் மட்டும் போதாது, நிலத்துக்குப் பத்திரம் வேண்டும். நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் நண்பர்களும் குப்பைமேடாகக் கிடந்த ஒரு தெருமுனையைத் தோட்டமாக்கினார்கள். மறு ஆண்டே மாநகராட்சி மாதம் 1 டாலர் வாடகைக்கு அதை அவர்களுக்கு விட்டது. அதைப் பார்த்து ஊரெங்கும் தோட்டங்கள் வந்தன. 1999இல் அதே மாநகராட்சி நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை ஏலம்விடப் புறப்பட்டது. இரண்டு அறக்கட்டளைகள் 42 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியதால்தான் அவை பிழைத்தன.

ஆகவே அந்த மனை யாருடையது என்று முதலில் பாருங்கள். மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தந்திருக்க வேண்டும். உங்கள் மனை அதில் அடங்கினால் அது ஏற்கெனவே ஊருடையது, மாநகராட்சி ஆணையருக்கு உரிமையோடு எழுதலாம். தனியாருடையது என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் ஒரு குழிகூட வெட்டாதீர்கள்.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை கோட்டூர்புரம் மரப்பூங்காவுக்குப் போய்வாருங்கள். குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித்துறை நிலம் அது. மரம் காக்கும் ‘நிழல்’ அமைப்பும் தன்னார்வலர்களும் சேர்ந்து நாட்டு மரங்கள் வளர்த்திருக்கிறார்கள். மண்வெட்டி பிடிக்க ஆள் எங்கிருந்து கிடைத்தது என்று அவர்களிடம் கேளுங்கள். மனுவில் கையெழுத்துப் போட உங்கள் தெருவில் எல்லோரும் வருவார்கள். சித்திரை வெயிலில் குடம் தூக்க யார் வருவார்கள் என்று இப்போதே பெயர் எழுதி வாங்கிவிடுங்கள்.