முன்சக்கர இயக்கமா, நான்கு சக்கர இயக்கமா? வேக ஹாட்ச்பேக் வாங்குவோருக்கான கேள்வி பதில்

சிறிய உடல், பெரிய எஞ்சின், ஐந்து கதவு: இந்த வகைக் கார்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, நான்கு சக்கரமும் இழுத்தால் இரண்டு சக்கரம் இழுப்பதைவிட மேல்தானே? பிறகு ஏன் 300 குதிரைத்திறன் தாண்டிய காரையும் முன்சக்கர இயக்கத்தில் தயாரிக்கிறார்கள்?

பதில்: ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஓட்டுபவரையும் சேர்த்து 1,400 கிலோ உள்ள ஹாட்ச்பேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் கியர்பெட்டியும் முன்னால் இருப்பதால், கார் நிற்கும்போது 60 சதவீத எடை, அதாவது 840 கிலோ, முன்சக்கரங்களின்மேல் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பாரம் பின்பக்கம் சாயத் தொடங்கும். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்குக் கார் வேகமெடுக்கும்போது, வழக்கமான ஹாட்ச்பேக்கின் உயரத்துக்கும் நீளத்துக்கும் ஏறத்தாழ 140 கிலோ பின்னால் போய்விடுகிறது. இப்போது முன்னால் 700, பின்னால் 700.

உலர்ந்த சாலையில் நல்ல டயர் தன்மேல் இருக்கும் பாரத்தின் அளவுக்கு இழுக்கும். 700 கிலோ பாரம் உள்ள சக்கரங்கள் 1,400 கிலோவை இழுத்தாக வேண்டும். ஆக, பாதி ஈர்ப்பு முடுக்கம்தான் முன்சக்கரக் காருக்கு உச்சவரம்பு. அந்த முடுக்கம் அப்படியே நீடித்தாலும் 100 கி.மீ. வேகத்தைத் தொட 5.7 விநாடி ஆகும். எஞ்சினில் இன்னும் 100 குதிரைத்திறனைக் கூட்டினாலும் டயர் சுழலுமே தவிர, அந்த முதல் சில விநாடிகள் குறையாது. டயர் ஒட்டும் தன்மையைப் பொறுத்து எண் சற்று முன்பின் ஆகலாம். ஐரோப்பாவில் 329 குதிரைத்திறனோடு வந்த முன்சக்கரக் காரான ஹோண்டா சிவிக் டைப் ஆர் 5.4 விநாடி என்றது. அதைவிடச் சற்றுக் குறைவாக, 320 குதிரைத்திறனோடு வந்த நான்கு சக்கரக் காரான எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் 4.7 விநாடி என்றது. அந்த இடைவெளியில் தானியங்கி கியர்பெட்டிக்கும் பங்கு உண்டு, பெரும்பங்கு பின்சக்கரங்களுடையது.

மழையில் இந்த வித்தியாசம் இன்னும் விரியும். ஈரத்தில் டயரின் பிடிப்பு பாரத்தின் 0.6 பங்காக இறங்கினால், முன்சக்கரக் காருக்கு ஈர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. நான்கு சக்கரக் காருக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு கிடைக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நேரத்துக்கு மட்டுமே. வளைவுக்குள் நுழையும்போதும் பிரேக் போடும்போதும் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதற்கு வேலையே இல்லை. கூடுதல் பாகங்களின் எடை மட்டும் கூடவே வருகிறது. முன்சக்கரக் கார்கள் இன்னும் வருவதற்கு இதுதான் காரணம்: மூக்கு லேசாக இருக்கும், அமைப்பு எளிது, ஸ்டீயரிங்கை விரும்பித் திருப்புபவருக்கு நிறைவு தரும்.

கேள்வி: எங்கள் பகுதியில் மழையும் உண்டு, சில மாதங்கள் பனியும் உண்டு. வீட்டில் எல்லோரும் நான்கு சக்கர இயக்கம்தான் பாதுகாப்பு என்கிறார்கள்.

பதில்: கிளம்புவதற்குப் பாதுகாப்பு, நிற்பதற்கு அல்ல. 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்த பிறகு சுமார் 14 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் பிடிப்பு கால்பங்காகக் குறைந்தால் அதே காருக்கு 57 மீட்டர் வேண்டும். எத்தனை சக்கரம் இழுத்தாலும் இந்த எண்கள் மாறா. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும்தான் போகிறது. ஆபத்து எங்கே என்றால், நான்கு சக்கரக் கார் பனியில் சிரமமே இல்லாமல் கிளம்பிவிடுவதால், சாலை வழுக்குகிறது என்ற எச்சரிக்கை ஓட்டுபவருக்கு வந்து சேர்வதே இல்லை.

உங்கள் பணத்தை முதலில் குளிர்கால டயரில் போடுங்கள். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது கோடைக்கால டயரின் ரப்பர் விறைத்துப்போகும். குளிர்கால டயர் மாட்டிய முன்சக்கரக் கார், கோடைக்கால டயரோடு திரியும் நான்கு சக்கரக் காரைவிட நிற்பதிலும் திரும்புவதிலும் பாதுகாப்பானது. இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. வீட்டு வாசலே செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது, அங்கே பனி தேங்கும் என்றால் மட்டும் குளிர்கால டயரும் வேண்டும், நான்கு சக்கர இயக்கமும் வேண்டும்.

கேள்வி: முன்சக்கரக் காரில் மிதித்தால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும் என்கிறார்களே, அண்ணா?

பதில்: டார்க் ஸ்டீயர் என்பது அதுதான். முன்சக்கரம் திரும்பும் அச்சு, சக்கரத்தின் மையத்திலிருந்து விலகியிருக்கிறது. விலகல் கூடக்கூட, இழுவிசை சக்கரத்தைத் திருப்பப் பார்க்கும். இரு பக்கமும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று அடக்கிவிடும். ஒரு சக்கரம் குண்டும் குழியுமான இடத்திலும் மற்றொன்று சமதளத்திலும் ஓடினால் அந்தச் சமன் குலைந்து ஸ்டீயரிங் துள்ளுகிறது.

பழைய கார்களை வைத்து இன்றைய கார்களை எடை போட வேண்டாம். 2009-இல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் 305 குதிரைத்திறனை முன்சக்கரங்களுக்கே அனுப்பியது. அதற்காக ரெவோநக்கிள் என்ற அமைப்பைப் பொருத்தி, திரும்பும் அச்சைச் சக்கரத்தின் மையத்தை நோக்கி நகர்த்தினார்கள். சிவிக் டைப் ஆரில் இரட்டை அச்சு சஸ்பென்ஷன் அதே வேலையைச் செய்கிறது. துள்ளல் அறவே போய்விடாது; வேகத்தைக் கூட்டும்போது இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தால் போதும் என்ற அளவுக்கு அடங்கியிருக்கிறது. அடுத்த ஃபோகஸ் ஆர்எஸ்ஸுக்கு 350 குதிரைத்திறன் கொடுத்தபோது ஃபோர்டு நான்கு சக்கர இயக்கத்துக்கே மாறியது. முன்சக்கரங்களால் எவ்வளவு தாங்க முடியும் என்பதற்கு இந்த இரண்டு தலைமுறைகளே நல்ல அளவுகோல்.

கேள்வி: விளம்பரத்தில் எலக்ட்ரானிக் டிஃபரென்ஷியல் என்று போட்டிருக்கிறார்கள். அது போதுமா?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்திருந்தேன். முன்சக்கரக் கார் வாங்குபவர் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் டிஃபரென்ஷியலை, அதாவது இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பங்கிடும் பாகத்தைக் கேட்க வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று வெறும் மென்பொருள்: சுழலத் தொடங்கும் உட்புறச் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து நிறுத்தும். நெடிய மலைப்பாதையில் அந்தப் பிரேக் சூடேறும், சக்தியும் வீணாகும். மற்றொன்று உண்மையான எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்): உட்புறச் சக்கரம் பிடிப்பை இழக்கும்போது முறுக்குவிசையை வெளிச்சக்கரத்துக்குத் தள்ளும். டைப் ஆரில் அது பற்சக்கரங்களால் ஆனது. ஹூண்டாய் ஐ30 என், எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ ஆகியவற்றில் கணினி கட்டுப்படுத்தும் கிளட்ச்.

ஓட்டிப் பார்க்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். வண்டி நடமாட்டமில்லாத குறுகிய வளைவு ஒன்றில் இரண்டாம் கியரில் நுழையுங்கள். ஸ்டீயரிங் நேராவதற்கு முன்பே ஆக்சிலரேட்டரைச் சீராக அழுத்துங்கள். சாதாரண டிஃபரென்ஷியல் என்றால் உட்புற முன்சக்கரம் கிறீச்சிடும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கும், மூக்கு வளைவின் வெளிப்புறம் நோக்கி நழுவும். எல்எஸ்டி இருந்தால் மூக்கு உள்பக்கம் இழுக்கப்படுவது உள்ளங்கையிலேயே தெரியும். மிதிக்க மிதிக்கக் கார் வளைவுக்குள் இறங்கும். எல்எஸ்டி இல்லாத 250 குதிரைத்திறன் முன்சக்கரக் காரையும் நான்கு சக்கரக் காரையும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். அது முன்சக்கர இயக்கத்துக்கு நியாயம் செய்யாத ஒப்பீடு.

கேள்வி: நான்கு சக்கர இயக்கம் எல்லாம் ஒன்றுதானா?

பதில்: இல்லை. பெரும்பாலானவை அடிப்படையில் முன்சக்கரக் கார்கள். பின்பக்கம் ஒரு கிளட்ச் தேவைப்படும்போது சக்தியை அனுப்பும். பழைய கோல்ஃப் ஆர் இந்த ரகம். வளைவில் அவசரப்பட்டு மிதித்தால் அதுவும் மூக்கை வெளியே தள்ளும். எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஆரும் ஆடி ஆர்எஸ்3-யும் பின்னால் இரண்டு கிளட்சுகளோடு வந்தன. பின்பக்கம் வரும் விசை முழுவதையும் வெளிப்புறப் பின்சக்கரத்துக்கே அனுப்ப முடிவதால் கார் சுழன்று திரும்புகிறது. 2020-இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ் தனி வழியில் போனது. உலக ராலிப் போட்டியை மனதில் வைத்து உருவான அந்த மூன்று சிலிண்டர் கார் 1,280 கிலோதான். முன்னுக்கும் பின்னுக்கும் 60:40, 30:70, 50:50 என்று பங்கீட்டை ஓட்டுபவரே அதில் தேர்ந்தெடுக்க முடிந்தது. நான்கு சக்கர இயக்கம் என்றால் கனமும் மந்தமும்தான் என்பவர்கள் இதை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிடும் டிரிஃப்ட் மோடு பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அது பந்தயத்தடத்துக்கானது. பொதுச் சாலையில் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

கேள்வி: எப்போதாவது பந்தயத்தடத்துக்குப் போவேன்.

பதில்: முன்சக்கரம் உங்களை ஏமாற்றாது. ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் வடக்குச் சுற்றின் 20.832 கி.மீ. முழு நீளத்தை 2023-இல் சிவிக் டைப் ஆர் 7 நிமிடம் 44.881 விநாடியில் முடித்தது. அதே நீளத்தை 2021-இல் 400 குதிரைத்திறன் ஆடி ஆர்எஸ்3 செடான் 7 நிமிடம் 40.748 விநாடியில் முடித்திருந்தது. 70 குதிரைத்திறன் கூடுதல், இரண்டு சக்கர இழுவை கூடுதல். கிடைத்தது நான்கு விநாடி. இரண்டுமே ஒட்டும் தன்மை மிகுந்த தட டயர்களில் ஓடியவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

முன்சக்கரக் காரில் திரும்புவதும் இழுப்பதும் முன் டயர்களே என்பதால் தடத்தில் அவை வேகமாகத் தேயும். இன்னொன்று: வேகமான வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாதீர்கள். பாரம் முன்னால் பாய்ந்து, லேசான பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும்.

கேள்வி: எரிபொருள்?

பதில்: நான்கு சக்கரக் கார் கொஞ்சம் அதிகம் குடிக்கும். வேக ஹாட்ச்பேக் வாங்குபவர் முடிவை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அல்ல.

கேள்வி: பழைய நான்கு சக்கரக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில் குனிந்து நான்கு டயர்களையும் பாருங்கள். நான்கும் ஒரே நிறுவனம், ஒரே ரகம், ஒரே தேய்மானமா? முன்னும் பின்னும் டயர் பள்ளத்தின் ஆழம் 2 மில்லிமீட்டருக்குமேல் வேறுபட்டால், அந்தச் சக்கரங்கள் வேறு வேறு சுற்றளவில் ஓடியிருக்கின்றன. பின்பக்கமுள்ள கிளட்ச் நேர்ச்சாலையில்கூட ஓயாமல் உரசியிருக்கும். ஒரு டயர் பழுதானால் சில நேரம் நான்கையும் மாற்ற வேண்டி வரும். இந்தச் செலவை முன்கூட்டியே மனதில் வையுங்கள்.

அடுத்து சர்வீஸ் புத்தகம். பின்சக்கரங்களுக்குச் சக்தி அனுப்பும் ஹால்டெக்ஸ் வகைக் கிளட்சுக்குத் தனி எண்ணெய் உண்டு. பல கார்களில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெய் மாற்றிய ரசீதைக் காட்டிவிட்டு இதை மறந்த உரிமையாளர்கள் ஏராளம். ஐந்தாம் தலைமுறை ஹால்டெக்ஸில் பம்பின் முகப்பில் ஒரு சிறு வலை இருக்கிறது. கிளட்சிலிருந்து உதிரும் துகள் கறுப்புப் பசையாக அதில் அப்பிக்கொள்ளும். எண்ணெய் மட்டும் மாற்றி வலையைக் கழுவாமல் விட்டால் பம்பு திணறி ஒருநாள் நின்றுவிடும். பல நேரம் எந்த விளக்கும் எரியாது. நான்கு சக்கரக் கார் என்று நம்பி நீங்கள் ஓட்டுவது முன்சக்கரக் காராக மாறியிருக்கும். ஈரமான இடத்தில் நின்ற நிலையிலிருந்து சட்டென்று கிளப்பிப் பாருங்கள். முன்சக்கரங்கள் மட்டும் சுழன்று, பின்னாலிருந்து தள்ளுகிற உணர்வே வராவிட்டால் அந்தக் காரை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: முன்சக்கரக் காரில் முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. புதியதை முன்னால்தானே போட வேண்டும்?

பதில்: பின்னால். நல்ல நிலையில் உள்ள பின் டயர்களை முன்னுக்கு மாற்றிவிட்டுப் புதியதைப் பின்னால் மாட்டுங்கள். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் பெரும்பாலானோரால் சமாளிக்க முடியாது.

கேள்வி: வாங்கிய பிறகு மென்பொருள் மாற்றி 60 குதிரைத்திறன் கூட்டுவதாக இருக்கிறேன்.

பதில்: அப்படியானால் நான்கு சக்கரம். முன்சக்கரக் காரின் வரம்பை மேலே கணக்காகவே பார்த்தோம். கூட்டிய சக்தி கீழ் கியர்களில் புகையாகத்தான் போகும். நான்கு சக்கரக் காரிலும் கிளட்சும் கியர்பெட்டியும் எவ்வளவு முறுக்குவிசை தாங்கும் என்று விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். உத்தரவாதம் போய்விடும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: தினமும் நகர நெரிசலில்தான் ஓட்டுகிறேன். மாதம் ஒருமுறை மலைப்பாதை. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன், மனம் ஒரு நிலையில் இல்லை.

பதில்: எனக்கு என் விருப்பம் தெளிவாக இருக்கிறது: உங்கள் இடத்தில் நான் இருந்தால் நல்ல எல்எஸ்டி உள்ள முன்சக்கரக் காரை எடுத்து, மிச்சப்படும் பணத்தில் முதல் தரமான டயரும் பிரேக் பட்டையும் வாங்குவேன். மாதம் ஒருமுறை போகிற மலைப்பாதையில் மூக்கு வளைவுக்குள் இறங்கும் அந்த உணர்வை நான் இழக்க விரும்பமாட்டேன்.

ஆனால் நீங்கள் ஓட்டிப் பார்த்தது வெயில் நாளிலா? அப்படியென்றால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். மழை பெய்கிற நாளில் விற்பனையாளரை மீண்டும் அழையுங்கள். நிறுத்தப் பலகை உள்ள ஏற்றச் சந்திப்பு ஒன்றில் நின்று, வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பி ஏறுங்கள். முன்சக்கரக் காரில் காலை எவ்வளவு பொத்திப் பொத்தி வைக்க வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். அந்த நிதானம் உங்களுக்கு இயல்பாக வருகிறது, எரிச்சல் தரவில்லை என்றால் முன்சக்கரக் காருக்கு முன்பணம் கட்டுங்கள். ஒவ்வொரு மழைநாளும் இப்படியா என்று தோன்றினால், என் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் நான்கு சக்கரக் காரை எடுங்கள்.